ஒன்பதாம் நம்பர் பஸ்

ஹார்லன் டிபெட்ஸுக்கு ஒன்பதாம் நம்பர் பஸ் இல்லாவிட்டால் டயாலிசிஸ் இல்லை. செவ்வாய், வியாழன், சனி விடிகாலை ஐந்து பத்துக்கு ஏறுவார், பகல் பதினொன்றுக்குத் திரும்புவார். அந்த பஸ்ஸை நிறுத்தலாம் என்று காலேஜ் பிள்ளைகள் நகர சபைக்கு அறிக்கை எழுதியிருந்தார்கள். படித்தவர்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தால் நல்லது நடந்து அவர் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை சபையில் அவர்களில் ஒருத்தியான பிரென்னா கோவால்சிக் என்ற பெண் திரையில் கோடும் கட்டமுமாகக் காட்டினாள். ஸ்டாப்புகளில் க்யூஆர் கோடு ஒட்டிக் கருத்துக் கேட்டார்களாம். ஒன்பதாம் நம்பர் பஸ்ஸுக்கு ஆறே பேர்தான் பதில் சொன்னார்களாம்.

பிறகு ஹார்லன் மைக்கின் முன் போனார். பேச மூன்று நிமிடம்.

சட்டைப் பையிலிருந்து மடக்கு போனை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "ஏம்மா, உன் க்யூஆர் கட்டத்த இதுல படிக்க முடியுமா?"

"முடியாது சார்."

"அப்புறம் எப்படி நான் பதில் சொல்றது? ஸ்டாப் கண்ணாடியில ஒட்டின காகிதத்துகிட்ட பேசவா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரென்னாவின் முகம் சிவந்தது. கூட வந்திருந்த பேராசிரியர் உட்காரச் சொல்லிக் கையசைத்தும் அவள் உட்காரவில்லை. "அறிக்கைய திரும்ப வாங்கிக்கறேன். ஒரு வாரம் டைம் குடுங்க," என்றாள். சபை கொடுத்தது.

"ஒரு வாரத்துல மறந்துடுவே," என்றார் ஹார்லன், வாசலில்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு சார் பஸ்?"

"அஞ்சு பத்து. நீ எங்க எழுந்திரிக்கப் போறே!"

எழுந்தாள். செவ்வாய் மட்டுமல்ல, சனி வரை ஐந்து நாளும் பென்சிலோடு வந்தாள். ஆஸ்பத்திரி சமையல்காரர்கள், முதியோர் இல்லத்து ஆயாக்கள் என்று காலையில் குறைந்தது பத்தொன்பது பேர். ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு எழுதினாள். ஹார்லன் தன் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்த பிறகே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த திங்கள் அவள் கொடுத்த புதுக் கணக்கைப் பார்த்துச் சபை ஓட்டெடுத்தது. பகல் இரண்டு மணி வரை பஸ் ஓடும். அதற்குப் பிறகு நிறுத்தம்.

பிரென்னா படியிறங்கி ஓடி வந்தாள். "ஜெயிச்சுட்டோம் சார்! உங்க பஸ் இருக்கு."

"என் பஸ் இருக்கு. காலையில என்கூட வர்ற அந்த ஆயாம்மா டோலோரஸுக்கு வேலை முடியறதே ஆறு மணிக்கு. எதுல வீட்டுக்கு வருவா?"

அவள் பெயர்கள் எழுதிய காகிதத்தை எடுத்துப் புரட்டினாள்.

"சாயங்காலம் எண்ணுனியா?"

"இல்ல சார். வகுப்பு இருந்துச்சு."

ஹார்லன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "சாயங்காலம் பஸ் இல்லன்னு அவகிட்ட நீயே சொல்லிடு. நாளைக்கு அஞ்சு பத்து பஸ்ல வருவா."