நீளக் கோட்டு போட்ட இரண்டு பெண்கள்

லாஸ் ஏஞ்சல்ஸின் பாயில் ஹைட்ஸ் பேட்டையில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் கூடத்தில் பழைய புகைப்படங்களை மாட்டுவதாக ஏற்பாடு. வீட்டுப் பெட்டிகளில் தூங்கிக் கிடந்த முகங்களெல்லாம் சுவருக்கு வரப் போகின்றன.

எல்வீராவிடம் இருந்தது ஒரே படம். 1943-இல் எடுத்தது. முழங்கால் தொடும் கோட்டு, கோபுரமாய்த் தூக்கி வாரிய கூந்தல், கறுத்த உதட்டுச் சாயம். அவளும் ஹசிந்தாவும் இடுப்பில் கைபோட்டுக்கொண்டு, உலகத்தையே விலை பேச வந்தவர்கள் போல நிற்கிறார்கள்.

அப்படி உடுத்தியவர்களை ஊரே பச்சூக்கா, அடங்காப்பிடாரி என்று தூற்றிய காலம் அது. ஹசிந்தா இப்போது ஜெபமாலை சபைத் தலைவி. எல்வீராவின் மகளுக்கு ஞானத்தாயும்கூட; அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னை வெட்டிட்டு மாட்டிக்கோ, கொமாத்ரே. சபைக்காரிங்க பார்த்தா என் மானம் போயிடும்."

"எங்கடி வெட்டுறது? உன் கை என் இடுப்புல இருக்கு."

"கை இருக்கட்டும். மூஞ்சி வேண்டாம்."

எல்வீரா கத்தரிக்கோலை எடுத்தாள், மனம் வரவில்லை. அந்தக் கோடையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தப் பேட்டையின் நீளக் கோட்டுப் பையன்களை டிராமிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள், உடுப்பைக் கழற்றினார்கள். அடுத்த வாரமே அண்ணன்மாரின் கோட்டை மாட்டிக்கொண்டு படம் எடுக்க ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றவளே ஹசிந்தாதான். அவளை வெட்டிவிட்டால் அதில் மிச்சம் என்ன?

"சரி, படம் முழுசா இருக்கும். பேரு எழுதமாட்டேன். போதுமா?"

ஹசிந்தா அரைமனதாய்த் தலையாட்டினாள்.

ஞாயிறன்று அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம்.

"இது எல்வீரா. பக்கத்துல நிக்குற அழகி யாரு?"

"ஒத்திலியாதான்! கண்ணைப் பாரு."

அவர்கள் வயதுக்காரியான ஒத்திலியாவும் அங்கேதான் நின்றாள். இல்லை என்று சொல்லாமல், இனிப்பு ரொட்டியைக் காபியில் தோய்த்தபடி வெட்கப்பட்டாள். "அது ஒரு காலம்" என்று பெருமூச்சு வேறு.

சுவரோரம் நின்ற ஹசிந்தாவின் காது சிவந்தது.

"நீயா? அந்த வாரம் பூரா கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருந்தவ நீ! இந்த இடுப்பு உனக்கு என்னைக்குடி இருந்துச்சு?"

சபைக்காரிகள் திரும்பினார்கள். ஹசிந்தா ஒரு கணம் தயங்கினாள். பிறகு எல்வீராவிடம் பேனாவை வாங்கி, படத்தின் கீழே தன் பெயரைக் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு சேர்த்து நிறுத்தி எழுதினாள். பக்கத்தில் எல்வீராவின் பெயரையும். காபி ஆறும்வரை அங்கேயே நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.