மொட்டை மாடியைக் கட்டியது யார்

அந்த மொட்டை மாடியைக் கட்டியது என் கணவர்தான் என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

மாடி என்றால் நிஜ மாடி இல்லை. பிளாஸ்டிக் பிளாக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திக் கட்டியது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பிளாக் கட்டுகிற எங்கள் சங்கத்தின் கண்காட்சிக்கு, உறுப்பினரான ஒரு பூக்கடைக்காரி கொண்டுவந்திருந்த பேக்கரிக் கட்டடத்தின் உச்சியில் அது இருந்தது.

எங்கள் சங்கத்தில் குழந்தைகள் கிடையாது. எல்லோரும் வேலைக்குப் போய், வரி கட்டி, மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிறவர்கள். பெட்டியோடு வருகிற படத்தைப் பார்த்து அடுக்குவது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். சொந்தமாக யோசித்துக் கட்ட வேண்டும், கட்டியதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும். காட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மாடலையும் தூக்கி, தட்டி, அசைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. இன்ஸ்பெக்டர் என்றுதான் எல்லோரும் என்னைக் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

பிளாக்கின் மேல் வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொரு குமிழின் தலையிலும் கம்பெனிப் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. பேக்கரியின் கீழ்த்தளத்திலும் எழுத்துகள் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மொட்டை மாடியில் மட்டும் அத்தனை எழுத்தும் வாசலைப் பார்த்து நேராக நின்றன. அப்படித்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆள் சங்கத்திலேயே நான் ஒருத்திதான். கல்யாணமான புதிதில் என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிய மனிதருக்கு மட்டும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். அவரும் கொஞ்ச நாளில் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். இப்போதெல்லாம் கேட்டால், "உன் பொம்மை சமாசாரம் நமக்கு வராதும்மா" என்பார்.

"மாடி நல்லா வந்திருக்கே. தனியாவா கட்டினீங்க?" என்று பூக்கடைக்காரியிடம் கேட்டேன்.

"கொஞ்சம் ஹெல்ப் பண்ணாங்க."

"யாரு?"

"தெரிஞ்சவங்கதான்" என்றாள். நான் பார்த்து முடிக்கும் முன்பே மாடலைத் தூக்கிக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு என்மேல் கோபம் இருக்கக் காரணம் உண்டு. போன கண்காட்சியில் அவள் கட்டிய வீட்டைக் கையில் எடுத்து, "இது வீடா, கீழ விழுந்த கேக்கா?" என்று கேட்டேன். சபையே சிரித்தது. அதிலிருந்து கூட்டங்களுக்கு வருவதை அவள் நிறுத்திவிட்டாள், இந்தக் கண்காட்சிக்குத்தான் மறுபடி வந்திருக்கிறாள். அந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள என் வீட்டு ஆளையே வளைத்துப் போட்டுவிட்டாளா என்று நினைத்தேன்.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டுப் போட்டே ஒரு கால் தேய்ந்த மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். இப்படிப்பட்ட ஆளைச் சந்தேகப்படுவது கஷ்டம். ஆனால் ஒரு முறை சந்தேகம் வந்துவிட்டால், அந்தச் சாதுத்தனமே நடிப்பாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

அன்று சாப்பிடும்போது அவர் விரல்களைப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரல் நகமும் ஓரத்தில் பிய்ந்து, ரம்பம் மாதிரி இருந்தன. மெல்லிய பிளாக்குகளைப் பிரிக்க நகத்தைக் கொடுத்து நெம்புகிறவர்களுக்கு மட்டும்தான் நகம் அப்படி ஆகும். எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

"நகம் என்ன ஆச்சு?"

"சீட் பெல்ட்டுல மாட்டிக்கிச்சு."

"ரெண்டு கையுமா?"

"ரெண்டு சீட்டு, ரெண்டு பெல்ட்டு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் இப்படித்தான் சொல்வார்.

மறுநாள் துணி துவைக்கப் போட்டபோது அவர் பேண்ட் பாக்கெட்டில் ஒரு பொடி பிளாக் கிடைத்தது. தீச்சுடர் வடிவம், கண்ணாடி மாதிரி ஆரஞ்சு நிறம். என் அலமாரியில் எந்த டிராயரில் என்ன நிறம் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வேன். என்னிடம் சுடர் சிவப்பில்தான் உண்டு, ஆரஞ்சில் கிடையாது. வேறு யாருடைய வீட்டு விளக்கோ என் கணவரின் பாக்கெட்டில் எரிந்துகொண்டிருக்கிறது.

அதை என் டிராயரிலும் போட மனம் வரவில்லை, அவரிடமும் கொடுக்கவில்லை. மணிபர்ஸில் போட்டு வைத்துக்கொண்டேன்.

எனக்குச் செயற்கைப் பல் செட் செய்கிற லேபில் வேலை. ஒரு பல் மயிரிழை தூக்கியிருந்தாலும் விரல் நுனியில் தெரிந்துவிடும். அன்றைக்கு யாரோ ஒரு புண்ணியவானின் மேல்வரிசையைக் கோணலாக அடுக்கித் தொலைத்தேன். பக்கத்தில் வேலை செய்கிறவள், "என்னக்கா, உங்க கையா இது?" என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு, இடைவேளையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் போட்டேன்.

குரலை மாற்றிக்கொண்டு, "சனிக்கிழமை சாயங்கால கிளாஸ்ல சேரணும், இடம் இருக்கா?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை நாங்க மத்தியானத்தோட மூடிடுவோமே மேடம்" என்றாள் அங்கிருந்த பெண்.

அவரோ, சனிக்கிழமைதோறும் சாயங்கால வகுப்பு என்றுதான் மாதக்கணக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார். நானும் பிளாஸ்கில் டீ போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். என் டீயை அங்கே இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறார்கள் என்று தோன்றியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நாத்தனாரிடம் போனேன். கணவரின் அக்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். நாங்கள் அடித்துக்கொள்ளவும் செய்வோம், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவும் மாட்டோம்.

"அக்கா, உங்க தம்பி போக்கே சரியில்ல."

"அவன் போக்கா? அவன் ரிவர்ஸ்ல கூட ஹாரன் அடிச்சிட்டுத்தான் போவான்" என்று சிரித்தார்.

"ஒரு பூக்கடைக்காரி இருக்கா."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. "எந்தப் பூக்கடை?" என்று கேட்டார்.

"ஏன், உங்களுக்கு எத்தன பூக்கடை தெரியும்?"

"கண்டதையும் நெனச்சு மனச கொழப்பிக்காத. போய் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

எனக்கு அது போதும். என் நாத்தனார் கேள்வி கேட்காமல் எதையும் விடுகிற ரகம் இல்லை. அடுத்த வீட்டில் பூனை குட்டி போட்டாலே தகப்பன் யார் என்று விசாரிப்பவர். சொந்தத் தம்பிமேல் பழி சொல்கிறேன், யார், எப்போது, எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். தம்பிக்கு உடந்தை. குடும்பமே கூடி என் காதில் பூ சுற்றுகிறது. பூவுக்குத்தான் பஞ்சமே இல்லையே.

அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. சண்டை போட்டு அவரை அனுப்பிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் யாரோடு பேசுவேன்? எனக்கு வேறு யாரும் இல்லை. அவர் போய்விடக் கூடாது என்பதுதான் உண்மை. அதை அவரிடம் நேராகச் சொல்ல என் வாய்க்கு வராது என்பதும் உண்மை.

சனிக்கிழமை வந்தது. அவர் பிளாஸ்கோடு கிளம்பினார். கொஞ்சம் விட்டு நானும் கிளம்பினேன். அவர் டிரைவிங் ஸ்கூல் பக்கம் திரும்பக்கூட இல்லை. சிக்னலில் யாருமே இல்லாதபோதும் பச்சை விழும்வரை நின்று, வெள்ளைக் கோட்டில் நடந்து, நேராகப் பூக்கடைக்குள் நுழைந்தார். திருட்டுத்தனத்தில்கூட விதி மீறாத மனிதர்.

கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து மனதை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தேன். உள்ளே போய் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் அவளை, அப்புறம் அவரை. பிறகு எழுந்து போனேன்.

கடையின் முன்பக்கம் யாரும் இல்லை. தண்ணீர் வாளிகளில் பூக்கள் நின்றன. தரையெல்லாம் வெட்டிப் போட்ட தண்டும் இலையும். பின்பக்க அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளிருந்து அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவர் சிரிப்பு மூக்கில் தொடங்கி இருமலில் முடியும். அதை நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வீட்டில் அவர் புன்னகைப்பதோடு சரி. இங்கே மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. கதவைத் தள்ளினேன்.

பொக்கே கட்டும் நீள மேஜையைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். பூக்கடைக்காரி, என் கணவர், என் நாத்தனார், அப்புறம் சங்கத்தைவிட்டு எப்போதோ போய்விட்ட தபால்காரர். மேஜை நிறைய பிளாக்குகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. நிறம் பிரிக்கவில்லை, அளவு பிரிக்கவில்லை.

என்னைக் கண்டதும் மேஜைமேல் இருந்த கைகளெல்லாம் சட்டென்று மடிக்குப் போய்விட்டன. தபால்காரர் எழுந்தே நின்றுவிட்டார். என் கணவர் மட்டும் கையை எடுக்கவில்லை. முன்னால் இருந்த எதையோ உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இதுக்கா?" என்றேன். "இதுக்கா இவ்வளவு பொய்?"

"வீட்டுல கட்டினா நீ பிரிச்சுடுவ" என்றார்.

"நான் எப்ப பிரிச்சேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனார்தான் பேசினார். "உங்க வீட்டுல நான் கட்டினத பிரிச்ச. இந்த தபால்காரரு ஒரு பாலம் கட்டி சங்கத்துக்கு எடுத்துட்டு வந்தாரு, அத எல்லார் முன்னாடியும் பிரிச்ச. என் தம்பி ஒரு செவுரு வச்சா, அவன் தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பிரிச்சு வச்சிருப்ப."

"சரி பண்ணித்தானக்கா குடுத்தேன்?"

"அதத்தான் சொல்றேன்."

பூக்கடைக்காரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்த மாடிய அவர்தாங்க கட்டினார். எழுத்தெல்லாம் நேரா வைக்காதீங்க, மாட்டிக்குவோம்னு எவ்வளவோ சொன்னேன். கை பழகிடுச்சுன்னு சொல்லிட்டார்" என்றாள்.

தலைமுடியைப் பிடித்து இழுக்க ஒருத்தி கிடைப்பாள் என்று வந்தேன். இங்கே யாரைப் பிடித்து இழுப்பது? விஷயம் இன்னொரு பெண்ணாக இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன், நியாயம் என் பக்கம் இருந்திருக்கும். இவர்கள் நாலு பேரும் என் கண்ணில் படாமல் சிரிப்பதற்காக, இலைக் குப்பைக்கு நடுவில் வந்து ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

உட்கார்ந்தேன். அவர் விரல்களின் இடுக்கில் அந்தப் பொருள் கொஞ்சம் தெரிந்தது. ஒரு பஸ். கூரை இல்லை. சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சேராத அளவுகளில் இருந்தன. டிரைவர் சீட்டில் ஒரு முயல். அதற்குப் பக்கத்து சீட்டிலும் ஒரு ஸ்டியரிங், அங்கே ஒரு கோழி. இவ்வளவு நேரம் இதற்குத்தான் சிரித்திருக்கிறார்கள்.

என் கண் அதற்குள் பக்கச் சுவருக்குப் போய்விட்டது. எல்லா இணைப்பும் மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் வந்திருந்தது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மாற்றி வைக்கவில்லை. தூக்கினால் நடுவில் பிளந்துகொள்ளும். இரண்டே பிளாக்கை மாற்றினால் போதும். சொல்லிவிட நாக்கு துடித்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவர் கை இன்னும் கொஞ்சம் விரிந்து அந்த இடத்தையும் மூடியது.

என் கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். எதையாவது கேட்க வேண்டும், சரி பண்ணாத ஒரு கேள்வியாகக் கேட்க வேண்டும். அப்படி ஒரு கேள்வியைத் தேட எனக்கு வெகுநேரம் பிடித்தது.

"இந்த பஸ் எங்க போகுது?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகள் எங்கே என்று பார்த்தார். பஸ்மேல் இருந்த உள்ளங்கையை எடுக்கவில்லை.

"எதுக்குக் கேக்குற?" என்றார்.