கண்டறியாத நகரம்

அந்த நகரத்தின் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன். சொன்னால் வயிறு எரியும். பிரித்தானியாவில் இருக்கிறது, அது போதும். எத்தனையோ நாட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஓடவும் நீந்தவும் எறியவும் விடுகிற பெரிய விளையாட்டு விழா இந்த ஆடி மாதம் அங்கேதான் நடந்தது. கண்டறியாத விழா, கண்டறியாத நகரம்!

நான் பருத்தித்துறையில் தட்டைவடை சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். பெயர் அருமைநாயகி. என் ஒரே மகள் நிவேதனா ஈட்டி எறிகிறவள். தகப்பன் கடலில் வீச்சுவலை வீசினவர், அந்தக் கை அப்படியே மகளுக்கு வந்துவிட்டது. அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது, இரண்டாயிரத்து எட்டில், ஆட்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்கள். அன்றையிலிருந்து எங்கள் வீட்டுப் படலைக்கு நான் பூட்டுப் போட்டதில்லை. அவர் வந்து வெளியில் நின்று தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஊர் என்னை விசரி என்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவரைப் பற்றிய கடதாசிகள் எல்லாம் ஒரு நீலப் பைலில் இருக்கின்றன. முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், மனுக்கள், மேலே அவருடைய படம். காணாமல் போனவர்களை விசாரிக்க எந்த ஆணைக்குழு வந்தாலும் அந்தப் பைலைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக நான்தான் போய் நிற்பேன்.

நிவேதனாவைப் பழக்கினவர் வட்டுக்கோட்டை ஐசாக் மாஸ்ரர். கிழமையில் மூன்று நாள் ஈட்டியைத் துணியால் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறுவாள். "தங்கச்சி, உதாலை இண்டைக்கு ஆரைக் குத்தப் போறாய்?" என்று கொண்டக்டர் நையாண்டி பண்ணுவான். அவள் சிரித்துவிட்டு இரண்டு சீற்றுக்கும் இடையில் ஈட்டியைப் படுக்க வைப்பாள். அப்படிப் போய் வந்த பிள்ளைதான் பங்குனியில் ஐம்பத்தெட்டு மீற்றர் எறிந்தாள். நாட்டு அணியில் பெயர் வந்தது. அந்தக் கொண்டக்டரே படலைவரை வந்து கை கொடுத்துவிட்டுப் போனான்.

பிறகுதான் சனம் வரத் தொடங்கியது. வந்த ஒருவராவது, பிள்ளை வெல்லுவாளோ என்று கேட்கவேண்டுமே! இல்லை. பக்கத்து வீட்டுச் சுபாஜினி தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, பிள்ளை அங்கை நிண்டிடுவாள்தானே?"

எல்லோருக்கும் அதே கேள்விதான். முந்தி இப்படி விளையாடப் போனவர்களில் ஒன்றிரண்டு பேர் அங்கேயே ஒளித்து நின்றுவிட்டார்கள் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கதை. இங்கே ஒரு பிள்ளைக்கு விசா கிடைத்தால் அது போவதற்கு. வருவதற்கு என்று ஒருவரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

என் தம்பி பஞ்சலிங்கம் அந்த நகரத்தில்தான் இருக்கிறான். சித்திரை தொடங்கி நாள் தவறாமல் வீடியோவில் வருவான். மைதானத்துக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள், தெருவெல்லாம் கொடி கட்டுகிறார்கள், புது பஸ் விட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவான்.

"அக்கா, அந்த மைதானத்திலையிருந்து எங்கடை வீடு பஸ்ஸிலை இருவது நிமிசம். எறிஞ்சு முடிய நான் வாசல்லை காருக்குள்ளை நிப்பன். அத்தானின்ரை பைல் கையிலை இருந்தால் அகதிக் கேஸ் லேசா நிக்கும். ஒரிஜினல் வேணும், என்ன."

நிவேதனா பின்னால் நின்று கேட்டுவிட்டாள். போனை என் கையிலிருந்து பறித்தாள்.

"மாமா, நான் எறியத்தான் வாறன். ஆவணியிலை எனக்கு இஞ்சை வேலை இருக்கு. மாஸ்ரர் சின்னப் பிள்ளையளைப் பழக்கச் சொல்லியிருக்கிறார். உந்தக் கதையை இதோடை விடுங்கோ."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்கும்தான். எறிஞ்சிட்டு வருவன்."

"ஓம் பிள்ளை, ஓம்," என்றேன் நான். பொய்காரி!

அடுத்த வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். என் பிள்ளை வெல்லவேண்டும் என்று கேட்கவில்லை. அங்கேயே நிற்கவேண்டும் என்று கேட்டேன். அங்கே போய் நின்றால் பிள்ளைக்கே மனம் மாறும், அப்போது பைல் கையில் இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். பயணப்பையின் அடியில் ஒரு கடின மட்டை இருந்தது. அவள் குளிக்கப் போன நேரம் மட்டையைத் தூக்கி, நீலப் பைலை வைத்து, மேலே துணியைப் போட்டுச் சுற்றிவரத் தைத்தேன். அந்தத் தையலை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் நான் அத்தோடு விட்டேனா? தம்பியின் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமோ என்று இரண்டு கிலோ தட்டைவடை, மிளகாய்த்தூள், ஒடியல்மா எல்லாவற்றையும் உடுப்புக்குள் திணித்தேன்.

பஸ்ஸில் ஏறும்போது, "போட்டு வாறன் அம்மா," என்றாள்.

"போட்டு வா," என்று வாய் சொன்னது. வராதே, வராதே என்று மனம் சொன்னது.

நான்காம் நாள் மதியம். தாச்சியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"அம்மா, பாக்கிலை என்ன வைச்சனீங்கள்?"

அவள் குரலில் அழுகைகூட இல்லை. கொழும்பில் அணி தங்கியிருந்த விடுதியில் எல்லோருடைய பையையும் நிறுத்தார்களாம். இவளுடையது பாரம் கூடிவிட்டதாம். பொறுப்பாளர் அம்மா ஒருத்தி வந்து திறக்கச் சொல்லியிருக்கிறாள். வடையும் தூளும் மேசைக்கு வந்தன. சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்து ஆளுக்கொரு வடையும் எடுத்தார்களாம். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் பை பாரமாக இருந்தது. அந்த அம்மா அடிமட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு பிளேடால் தையலை வெட்டினாள்.

"அப்பாவின்ரை கடதாசி விளையாட்டுக்கு என்னத்துக்கு எண்டு கேட்டவ. எனக்குத் தெரியாது எண்டு சொன்னனான். அவ நம்பேல்லை, அம்மா. ஆர்தான் நம்புவினம்?"

அங்கே ஒளித்து நிற்கப் பார்க்கிறாள் என்று அணியிலிருந்து அவள் பெயரை அப்போதே வெட்டிவிட்டார்கள். அடுப்பில் போட்ட வடை கரியாகி வீடு முழுக்கப் புகை. நான் அந்தப் புகைக்குள் இருந்தே ஐயோ ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். முதலில் பொறுப்பாளரைத் திட்டினேன், பிறகு தம்பியைத் திட்டினேன், பிறகு சந்நிதி முருகனையும் விடவில்லை. திட்ட ஆள் முடிந்த பிறகு நான் மட்டும் மிஞ்சினேன்.

இரண்டாம் நாள் வந்து இறங்கினாள். தோளில் பை, கையில் ஈட்டி. படலையைத் திறந்து உள்ளே வந்து, பைலை எடுத்து மேசையில் வைத்தாள். தகப்பனின் படத்தின் மூலை மடிந்திருந்தது. அதை விரலால் நீவி நிமிர்த்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். ஐசாக் மாஸ்ரர் மறுநாள் சைக்கிளை ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அவர் என்னை ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பிள்ளை எழும்பினால் நான் வந்தனான் எண்டு சொல்லுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அவள் மைதானத்துப் பக்கம் போகவில்லை. காலையில் எழும்பி என்னோடு வடை தட்டினாள். மத்தியானம் மெழுகுதிரிச் சுவாலையில் பொலித்தீன் பைகளின் வாயை ஒட்டினாள். என்னோடு கதைக்கவில்லை.

ஈட்டி எறிதல் நடந்த மறுநாள் காலை தம்பி வீடியோ அனுப்பியிருந்தான். பதினொரு பேருக்கு முன்னமே ரிக்கெற் எடுத்துவிட்டானாம், போகாமல் என்ன செய்வது என்று குடும்பத்தோடு போயிருக்கிறான். பச்சைப் புல், வெள்ளைக் கோடு, ஆயிரமாயிரம் சனம். தம்பியின் மடியில் ஒரு துணி சுருட்டிக் கிடந்தது. நிவேதனாவின் பெயரைத் தமிழில் எழுதி முன்னமே அடித்து வைத்த துணி. பெரிய திரையில் மூன்றாம் இடத்துக்கு வந்தவளின் தூரம் தெரிந்தது. ஐம்பத்தாறு. இலக்கம் வாசிக்க எனக்கும் தெரியும்.

நிவேதனா என் பக்கத்தில் இருந்து பை ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள். திரையை ஒருதரம் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, என்னோடை கதையன். ஏசவெண்டாலும் ஏசு. உப்பிடி இருக்காதை."

அவள் கையிலிருந்த பையை ஒட்டி முடித்தாள். "என்னத்துக்கு அம்மா வைச்சனீங்கள்?"

"ஒருத்தரைப் பறிகுடுத்தனான். நீயெண்டாலும் எங்கையாவது உயிரோடை இருப்பாய் எண்டுதான். இனி உன்னைக் காணக் கிடைக்காட்டிலும் பரவாயில்லை எண்டு மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் அந்தத் தையலைப் போட்டனான்."

அவள் மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். படலைப் பக்கம் திரும்பினாள்.

"அப்பா வருவார் எண்டு பதினெட்டு வரியமாப் படலையைப் பூட்டாமல் வைச்சிருக்கிறியள். அவர் வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நான் வருவன் எண்டு என்ரை வாயாலை சொன்னனான். என்னை மட்டும் ஏன் அம்மா நீங்கள் நம்பேல்லை?"

அவள் நெருப்புப்பெட்டியைத் தேடி எடுத்து மெழுகுதிரியைத் திரும்பக் கொளுத்தினாள். ஒட்டுவதற்கு இன்னும் நாற்பது பை கிடந்தது.