கவனம் பத்தாதவர்

"அம்மா, எதையும் சொல்லிடாத." மகள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உன் மாப்பிள்ளை குண்டு உள்ள இருக்குறத மறந்து, துப்பாக்கிய மேசை மேல டொக்குன்னு வெச்சிருக்காரு. தானா வெடிச்சிருச்சு. எதிர்ல அப்பா. வேணும்னேவா செஞ்சாரு?"

வெளியே கூடத்தில் அப்பாவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள்.

துப்பாக்கி சுடும் சங்கத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவர் அவர். குடையைக்கூட ஆளில்லாத பக்கம் திருப்பித்தான் விரிப்பார். பூச்சி மருந்துப் புட்டியைப் பிடித்தாலும் ஆள்காட்டி விரல் விசையில் படாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். அவர் யோசித்து விரலை மடக்குவதற்குள் கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு வீடு மாறிவிடும் என்று மனைவி சத்தியம் செய்வாள். கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்தபோதும் அந்த விரல் மட்டும் தனியாக நீண்டிருந்தது. அது காட்டிய திசையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "என்னை எதுக்குடா காட்டுறான்?" என்று சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

மருமகன் போட்டிகளில் சுடுகிறவன். காற்றுப் பட்டாலே விசை விழ வேண்டும் என்பது அவன் ஆசை. போன வாரம் சாப்பாட்டு மேசையில் மாமனார் அப்படி இளக்கித் தர மறுத்துவிட்டார்.

"அந்த அளவுக்கு இளக்கினா அது விரலுக்குக் காத்திருக்காது மாப்பிள்ளை. லேசா ஒரு தட்டு போதும். சேஃப்டி போட்டிருந்தாலும் நம்ப முடியாது."

"உங்களுக்கு வயசாயிடுச்சு மாமா," என்று சிரித்தவன், மறுநாள் விசையின் ஸ்பிரிங்கைத் தானே மாற்றிக்கொண்டான்.

இப்போது கூடத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னான்: "மாமாதான் துடைச்சிட்டு இருந்தாரு சார். விரல் விசையில பட்டிருக்கு."

கொழுந்தன் மூக்கைச் சிந்தினான். "ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷன். கடைசியில பச்சப்புள்ள மாதிரி... என்ன அண்ணி இது?"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அவர் விசையில விரல் வெக்கிற ஆளா?"

மகள் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். உண்மை தாயின் நாக்கு நுனிவரை வந்தது. அந்த வயிற்றைப் பார்த்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

"ஆமாங்க," என்றாள். "அவருக்கு எப்பவுமே கவனம் பத்தாது."

கூடத்தில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இனிமே நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்," என்றார்.

பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. மருமகன் தலைமாட்டுக்கு வந்து குனிந்தான்.

"அத்தை, கொஞ்சம் தள்ளிக்குங்க."

அவள் நகரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவுமில்லை. பெட்டியின் விளிம்பில் இல்லாத தூசியை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சற்று நேரம் நின்றுவிட்டு, அவன் கால்மாட்டுக்குப் போனான்.