ஈரக்கை

கல்யாணமான ஒன்பதாம் வருடம் இஸ்திரிக்கடைக்காரியின் உள்ளங்கைகளில் சின்னச் சின்ன வாய்கள் முளைத்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த டாக்டர், கைக்கு நாலாயிரம் தேறும் என்றார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதடு. வெளிச்சம் பட்டால் திறக்கும், உச்சிவெயிலில் மூடிக்கொள்ளும். அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜன்னலோரம் கையை விரித்து வைத்தால் காற்றே வயிற்றை நிறைத்தது. உள்ளேயிருந்த ஈரம் வெளியே போனது. துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை மிச்சம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? 'ஈரக்கை' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஒருத்தரும் சட்டையை வேறு கடைக்குக் கொண்டுபோகவில்லை.

மழை பொய்த்த வருடம் தினம் வீட்டுக்கு இரண்டு குடம் என்று லாரியில் அளந்து விட்டார்கள். ஒன்றரைக் குடம் அவளே குடித்தாள். அத்தனையும் கை வழியே காற்றில் போனது. கண் குழிவிழுந்தது. புருஷன் லாரிப் பட்டறை மெக்கானிக், ஒழுகுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். இவள் காய்ந்தே செத்துவிடுவாளோ என்று பயந்துபோனான்.

"ஒழுகுனா அடைக்கணும், அவ்வளவுதானே?" என்று கிரீஸ் டப்பாவைக் கொண்டுவந்து இரண்டு கையிலும் அப்பினான்.

"என்னங்க, இதென்ன லாரிச் சக்கரமா?" என்று சிரித்தாள்.

அவள் தண்ணீர் கேட்பது நின்றது, குடம் தளும்பியது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலாம் நாள் அவள் முகம் மஞ்சளித்தது. ஊட்டிய கஞ்சியைக் கக்கினாள். ஆறாம் நாள் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் போகிற வாசல்தான் சாப்பாடு வருகிற வாசலும் என்பது அந்த மடையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, நானே உன்னைக் கொல்லப் பார்த்தேனே!"

இரண்டு குடத்தையும் அவள் கையில் கவிழ்த்து, சோப்புப் போட்டு, பழைய பனியனால் ரேகை ரேகையாகத் துடைத்தான். தனக்குக் குடிக்க ஒரு சொட்டும் வைக்கவில்லை. ஜன்னலோரம் தூக்கிப்போய்ப் படுக்கவைத்தும் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. அவள் கைகளில் முகத்தைப் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதான். அவன் விட்ட மூச்சு பட்ட இடத்தில் ஒன்று திறந்தது. பிறகு பத்து, பிறகு எல்லாம்.

"சிகரெட் நாத்தம்," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அன்றோடு சிகரெட்டை விட்டான். வறட்சி இன்னும் இரண்டு வருடம் நீடித்தது. ஒன்றரைக் குடம் அவளுக்கு, அரைக் குடம் அவனுக்கு. தினமும் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் கைகளில் ஒரு மணி நேரம் மூச்சு விடுவான். பட்டறைக்குத் தாமதமாகத்தான் வருவான். முதலாளி ஏனென்று கேட்பதில்லை. பெண்டாட்டிக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வருகிறான் என்று அவருக்குத் தெரியும்.