எழுப்பிவிடும் நாற்காலிக்கு எந்த நாடு?

தச்சர் வீட்டுக்கு மனைவியின் தம்பி வந்து உட்கார்ந்தான், உட்கார்ந்தே இருந்தான். வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தச்சர் கடைசியில் ஒரு நாற்காலி செய்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் அடியிலிருக்கும் ஸ்பிரிங் மெல்லக் கிளம்பி, ஆளை மரியாதையாக எழுப்பி, வாசலைப் பார்க்க நிறுத்திவிடும். அப்படி எழுப்பப்பட்ட முதல் ஆளான மச்சினன் நேரே எதிர் வரிசைக்குப் போய், அதே நாற்காலியைச் செய்து விற்கக் கடை திறந்துவிட்டான். கொழுப்புத்தானே!

தச்சர் அசரவில்லை. சர்வதேசக் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாரே! "அவன் கடைய இழுத்து மூடணும்" என்று வக்கீலம்மா முன்னால் போய் நின்றார்.

"எத வச்சு மூடுறது?" என்றார் வக்கீலம்மா. "உலகத்துக்கே ஒரே காப்புரிமைன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்க. நீங்க போட்டது வெறும் விண்ணப்பம், துண்டு போட்டு இடம் பிடிச்ச மாதிரி. வேணுங்கிற நாட்டுல தனித்தனியா கேக்கணும். அந்த நாட்டு ஆபீஸ் பரிசோதிச்சுக் கொடுத்தாத்தான் உரிமை. அதுவும் அந்த நாட்டுக்குள்ள மட்டும். கேக்கறதுக்கு இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் கெடு. எத்தன தடவ போன் பண்ணேன்!"

தச்சர் பையிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்தார். கையிலிருந்தது ஒரு நாட்டுக்குத்தான் காணும்.

"நம்ம நாட்டப் போட்டுடலாமா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"அப்ப மத்ததெல்லாம்?"

"விட வேண்டியதுதான்."

விடுவதா! தச்சர் சுவரிலிருந்த உலகப் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இங்க ஒரே பனி. விருந்தாளி வெளியவே போகமாட்டான். இத எப்படிங்க விடுறது?" விரல் நகர்ந்தது. "ஐயோ, இது தீவு. வந்தவன் கப்பல் வர்ற வரைக்கும் உக்காந்திருப்பானே, பாவம்!"

வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, உங்க மச்சினன் கடை இருக்கிறது இங்க!"

"அவன் எங்க ஓடிடப் போறான், இருங்க" என்றபடி தச்சர் அடுத்த கண்டத்துக்குத் தாவினார். ஒவ்வொரு நாட்டையும் விட மனசு வராமல் அவர் மருகிக்கொண்டிருந்தபோதே கெடு முடிந்தது. துண்டு போட்டுப் பிடித்த இடமும் போயிற்று.

வீட்டு வாசலில் மச்சினன் நின்றான். விஷயம் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"மனச விட்டுடாதீங்க மாமா. நாளைல இருந்து நம்ம கடைக்கு வந்துடுங்க. அந்த ஸ்பிரிங் உங்க கைக்குத்தான் படியுது, எங்களுக்கு வரமாட்டேங்குது."

தச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, காலையில் எத்தனை மணிக்குக் கடை திறப்பான் என்று கேட்டார்.