பல்லில் கடித்த பறி

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்குப் பல்தான் மூன்றாவது கை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். சிக்கிய இறாலைப் போட, பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். சுபஸ்ரீக்குப் பதினான்கு வயதில் பழகியது. இப்போது இருபத்தாறு. வயிற்றில் ஐந்து மாதம்.

இதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. இதையாவது கையில் வாங்கிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்போடுதான் தூங்கினாள், எழுந்தாள். ஏரிக்கு மட்டும் வேண்டாம் என்று கணவன் ரஞ்சித் சொல்லிப் பார்த்தான். கேட்டால்தானே.

"தண்ணியில நிக்கறப்பதான்யா வயிறு லேசா இருக்குது" என்றாள்.

அந்த வாரம் எந்தப் புண்ணியவானோ கோழிக்கழிவை மூட்டையாகக் கட்டிச் சாலையோரம் வீசிவிட்டுப் போனான். வீட்டு நாய் ஜிம்மி வயிறு முட்டத் தின்றது. மறுநாள் வாசலெல்லாம் சளியும் ரத்தமுமாகக் கழிந்தது. எழுந்து நின்றால் பின்னங்கால் மடங்கியது. ரஞ்சித் அதைச் சாக்கில் சுற்றி, பைக்கில் வைத்துப் பொன்னேரி கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனான்.

"குடல்ல பாக்டீரியா பூந்திருக்குப்பா. பச்சைக் கோழியில இருக்கறதுதான். மாத்திரையில நாய் தேறிடும். ஆனா தேறினப்புறமும் சில வாரம் அது உடம்புல கிருமி இருக்கும். மனுசனுக்கும் ஒட்டும், வாய் வழியா" என்றவர், "வீட்ல யாராச்சும் மாசமா இருக்காங்களா?" என்று கேட்டார்.

ரஞ்சித் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த பேனாவை அவர் கீழே வைத்தார்.

"அவங்கள நாய்கிட்ட விடாதே. சிலருக்குக் கருவையே பாதிச்சிருக்கு."

அதைக் கேட்டபின் சுபஸ்ரீ அரைகுறையாக எதையும் செய்யவில்லை. நாயைக் கொல்லையில் கட்டச் சொன்னாள். ரஞ்சித்தான் வாசலைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினான், அவன்தான் சோறு வைத்தான். சோப்புப் போட்டுப் போட்டு அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. ஜிம்மி தூரத்திலிருந்து வாலாட்டினால், "போ அந்தாண்ட" என்று விரட்டிவிட்டு உள்ளே போய் அழுதாள். ஐந்து வருடமாக அவள் கையால் சோறு தின்ற நாய் அது.

நான்காம் நாள் ஜிம்மி கஞ்சி குடித்தது. ஆறாம் நாள் விடிந்தும் விடியாமலும் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு நேராக வேலிக்குப் போனது. அங்கே காய்ந்துகொண்டிருந்த பறியின் விளிம்பில் இறால் வாடை. வழக்கம்போல அதைச் சுற்றிச் சுற்றி நக்கியது. சுபஸ்ரீ பார்த்தாள். கல்லெடுத்து விரட்டினாள். பறியை எடுத்துத் தட்டி ஓரமாக வைத்தாள். நாய் வாய் வைத்ததைத் தொட்டுவிட்டோமே என்று அடிபம்பில் இரண்டு கையையும் முழங்கை வரை நுரை பொங்கத் தேய்த்துக் கழுவினாள். பிறகு பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி, அதன் விளிம்பைப் பல்லில் கடித்தாள்.

அன்று நல்ல இறால். மூன்று மணி நேரம் வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கொளுத்தியது. வயிற்றைப் பிசைந்து பிசைந்து போனது, ரத்தமும் கலந்து. ரஞ்சித் ஆட்டோ பிடித்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, வேறு ஊர்க்காரி. நாய் சமாச்சாரத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. குழந்தையின் துடிப்பைப் பார்க்கச் சொல்லி நர்ஸுக்குக் கைகாட்டினாள்.

"நாய் தொட்ட எதையாவது வாயில வச்சீங்களாம்மா?"

"இல்ல மேடம். நாய நான் தொடவே இல்ல. கைய எத்தினி தபா கழுவினேன்னு இவரக் கேளுங்க."

பொய் சொல்லவில்லை. அவளுக்கு வாயில் வைப்பது என்றால் சோறு, வெற்றிலை, மாத்திரை. பறியை யாரும் வாயில் வைப்பதில்லை, பல்லில் கடிப்பார்கள்.

நர்ஸ் கருவியை அடிவயிற்றில் வைத்தாள். நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம் ஜெல் தடவி மறுபக்கம் வைத்தாள். கருவியிலிருந்து இரைச்சல் மட்டும் வந்தது. அப்போது வலி ஒன்று சுருட்டி இழுக்க, சுபஸ்ரீ பல்லைக் கடித்தாள். கடித்த பல்லோடு அப்படியே கிடந்தாள்.

"மேடம்" என்றாள். "பறி."

"பறியா? அப்படின்னா என்னம்மா?"

சொல்வதற்கு அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நர்ஸ் கருவியை அணைத்துவிட்டு, அவள் வயிற்றைப் பஞ்சால் மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள்.